சுண்ணாம்புக் கோடும் ஒரு ஃபயர்மேனும்

பிள்ளைகளே, பழைய கிரேக்க நாட்டில் பந்தயத்துக்கு முன் வீரர்கள், "ஏமாற்ற மாட்டோம்" என்று சத்தியம் செய்வார்களாம். இன்றைய ஒலிம்பிக்கிலும் அந்த வழக்கம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷம், விழுப்புரம் ரயில்வே விளையாட்டு விழாவில் எங்களையும் அப்படிக் கை தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். திண்டிவனத்திலிருந்து நானும் ஓடப் போயிருந்தேன்.

பக்கத்தில் ஒரு ஃபயர்மேன், ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர். புருவமெல்லாம் கரித்தூள், ஓயாமல் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மென்றுகொண்டிருந்தார். அவர் முதலில் வந்தார், நான் இரண்டாவது. கோப்பையை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"வளைவுல சுண்ணாம்புக் கோட்டத் தாண்டி உள்ள ஓடிட்டேன் சார். இவருக்குக் குடுங்க."

"யாரும் பாக்கலையேய்யா!" என்றார் அதிகாரி.

"கையத் தூக்கி சொல்லிட்டு எப்பிடி சார் வாங்கிக்கினு போறது?"

"பொழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ!" என்று அவருடைய கூட்டாளிகள் சிரித்தார்கள்.

வளைவில் அவரை ஒட்டியே ஓடிய நான், என் காலும் கோட்டைத் தாண்டியதா என்று யோசிக்கவே இல்லை. கோப்பையை வாங்கிக்கொண்டேன்.