பெர்மனென்ட் செடி

என் மருமகள் அந்தத் தொட்டியை மூன்றாவது முறையாக இடம் மாற்றப் போனபோது நான் கத்திவிட்டேன். அறுபத்தைந்து வயதில் ஒரு செடிக்காகக் கத்துவது அழகில்லை. புயலில் மரங்கள் விழுந்த பிறகு என் மகனுடைய குவார்ட்டர்ஸ் வாசல் வெறிச்சென்று கிடக்கிறதே என்று அவள் ஆன்லைனில் வரவழைத்த கிழங்கு அது. பெயர் அகபாந்தஸ். நீளத் தண்டின் உச்சியில் குடை விரித்தாற்போல் நீலப் பூக்கள் பூக்கும் என்று படம் போட்டிருந்தார்களாம். இரண்டு வருஷமாக இலைதான் வருகிறது. வெயில் போதவில்லையோ என்றாள். "தோண்டிக்கிட்டே இருந்தா எப்படிம்மா பூக்கும்?" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது என் வாக்கியமே இல்லை. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே டவுன்ஷிப்பில் எங்கள் தோட்டக்காரர் சொன்னது.

தோட்டக்காரர் என்று இன்று எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டில் அவருக்கு 'ர்' கிடையாது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். தினக்கூலி. எங்கள் வரிசையில் பத்து வீட்டு வேலிகளை வெட்டிவிடுவது அவர் வேலை. எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக அப்பாவின் செடியும் அவர் தலையில் விழுந்தது.

அப்பா தெற்கத்திக்காரர். நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஒருமுறை ஊட்டிக்குப் போனவர், ஏதோ பங்களாத் தோட்டத்தில் அந்தப் பூவைப் பார்த்து மயங்கி, மூன்று கிழங்குகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். சீனியா, பால்சம் எல்லாம் சீசன் முடிந்தால் போய்விடும், அதெல்லாம் கான்ட்ராக்ட், இது ஒருதடவை வைத்தால் வருஷா வருஷம் பூக்கும், பெர்மனென்ட் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினார். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. அகப்பை என்றே கூப்பிட்டாள். "உங்க அகப்பை இந்த வருஷமாவது பரிமாறுமா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

பரிமாறவில்லை. வெங்காயத்தாளைத் தட்டையாக்கி நீட்டியதுபோல் இலைகள், இலைகள், மேலும் இலைகள். அப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. முதலில் வெயில் அதிகம் என்று முருங்கை நிழலுக்கு மாற்றினார். பிறகு நிழல் அதிகம் என்று வாசலுக்கு. பிறகு செம்மண் ஆகாதென்று எருவும் மணலும் கொட்டிய குழிக்கு. பிறகு அனல்மின் நிலையத்துச் சாம்பல் இலையை அடைத்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். நாற்பது, ஐம்பது இலை இருக்கும். துடைத்து முடிப்பதற்குள் மைதானத்தில் என் பேட்டிங் முறை போய்விடும். அந்தச் செடியை நான் வெறுத்த அளவுக்கு வேறெதையும் வெறுத்ததில்லை.

ஐந்தாவது குழி தோண்டச் சொன்னபோது தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "தோண்டிக்கினே இருந்தா எப்பிடிங்க பூக்கும்? நெருக்கமான தொட்டியில போட்டு, ரெண்டு வருசம் கை வெக்காம வுடுங்க. வேரு முட்டினாத்தான் பூக்கும்" என்றார். அப்பா என்ன நினைத்தாரோ, சரி என்றார். பின்கட்டில் கிடந்த விரிசல் விட்ட சிமெண்டுத் தொட்டியில் செடியைத் திணித்துவிட்டு, "செடியே பெர்மனென்ட் ஆயிடிச்சி, எனக்குத்தான் இன்னும் ஆவல" என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. தினக்கூலிகளில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்க அவ்வப்போது ஒரு லிஸ்ட் தயாராகும். அது அப்பாவின் மேஜை வழியாகத்தான் மேலே போக வேண்டும். செடி தொட்டிக்குப் போன மூன்றாவது வருஷம் தயாரான லிஸ்டில் தோட்டக்காரர் பெயரும் இருந்தது. அப்பாவே அவரிடம் சொல்லியிருந்தார். பெர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எனக்கு அது ஒரு செடியின் பெயர்.

அந்தப் பங்குனியில்தான் மொட்டு வந்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, நுனியில் கிளி மூக்குபோல் கூம்பி நின்றது. அப்பா அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் நான் மொட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வட்டத்துக்கும் (டவுன்ஷிப்பில் பிளாக்கை வட்டம் என்போம்) பக்கத்து வட்டத்துக்கும் மேட்ச் இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். மேட்ச் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். மைதானத்துச் சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்டது. யாரோ அவுட் ஆனதற்குப் பையன்கள் கத்தினார்கள். நான் தண்டைப் பிடித்துத் திருகினேன். அது சுலபத்தில் அறுபடவில்லை. இரண்டு மூன்று தடவை திருக வேண்டியிருந்தது. கோபத்தில் ஒரு நொடியில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. திருகி எடுத்து, வேலிக்கு வெளியே சாக்கடையோரம் எறிந்தேன்.

அப்பா வந்து பார்த்தார். பிறகு இடுப்பு பெல்ட்டில் கை வைத்தபடி, "ஏல, யாருல செஞ்சது?" என்றார். அந்தப் பெல்ட் எனக்குப் பழக்கம். தோட்டக்காரன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனான், ஆடு வந்து கடித்துவிட்டது என்றேன். ஒரு திணறல்கூட இல்லாமல் சொன்னேன்.

"கேட்டைச் சாத்தத் தெரியாதவனுக்கு பெர்மனென்ட் ஒரு கேடு," என்றார் அப்பா. மேலதிகாரியை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அம்மா மட்டும், ஆடு இலையை விட்டுவிட்டு மொட்டை மட்டுமா கடிக்கும் என்று கேட்டாள். அகப்பை என்று கேலி செய்தவளின் பேச்சை அன்று யார் கேட்பது.

அடுத்த வாரம் தோட்டக்காரரை வேறு வட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை காலையில், அப்பா அலுவலகத்தில் இருந்த நேரம், அவர் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வந்தார். கேட்டைக் கவனமாகச் சாத்தினார். கையில் பழைய மருந்து பாட்டில், அதில் தண்ணீர், தண்ணீரில் என் மொட்டு. மொட்டாக இல்லை. நீலமாக விரிந்திருந்தது. சாக்கடையோரம் கிடந்ததை எடுத்துப்போய்த் தன் வீட்டில் வைத்திருந்திருக்கிறார்.

அறுந்த நுனியை எனக்குக் காட்டினார். "ஆடு கடிச்சா இப்பிடியா இருக்கும், தம்பி? இது முறுக்கினது" என்றார். குரலில் கோபம் இல்லை. பாட்டிலை வாசல்படியில் வைத்தார். "அப்பாகிட்ட காட்டுங்க. நீங்களே காட்டுங்க. லிஸ்ட்டு திங்கக்கிழமதான் மேல போவுதாம்." கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

பிற்பாடு அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெர்மனென்டாக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன். அந்தப் பூவைப் பற்றி அப்பாவிடம் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் வருவதற்குள் அதைக் கசக்கி, வேலிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தேன். பாட்டிலைக் கழுவி வைத்தேன். என்னை மாட்டிவிடத்தான் வந்திருக்கிறான் என்ற எரிச்சல் அடங்கவே இல்லை. அதோடு ஒரு குழப்பமும் இருந்தது. பூவைக் கொடுக்க வந்த ஆள், எதற்காக என்னிடம் லிஸ்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று அன்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.