கொங்கிறீட் பம்பும் அக்காவின் நாலு மணிக் கேள்வியும்

கொங்கிறீட் பம்ப் ஓட்டுகிறவனுக்குக் கட்டடம் எழும்பினால் பேர் கிடைக்காது. ஏதாவது விழுந்தால் மட்டும் ஊரே அவனைத் தேடும்.

என்னைப்போல் சைட்டில் வெயில் காய்கிற சகோதரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லொறியின் முதுகில் மடித்து வைத்த நீளமான இரும்புக் கை ஒன்று இருக்கும். விரித்தால் நாலாம் மாடிக்கும் எட்டும். அதன் நுனியில் தடித்த ரப்பர் ஹோஸ் தொங்கும். கீழே மிக்சர் லொறி கொட்டுகிற கொங்கிறீட் அந்த ஹோஸ் வழியாக மேலே வந்து விழும். ரிமோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த இரும்புக் கையை ஆட்டுகிறவன் நான். ஹோஸைப் பிடித்து அங்கே இங்கே என்று கொட்டுகிறவர் என் அத்தான், கூடப்பிறந்த அக்காவின் புருஷன்.

வேலை செய்த அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று கொட்டாஞ்சேனையில் வீட்டோடு இருந்த அத்தானை இந்த வேலைக்கு இழுத்து வந்தது நான்தான். அக்காவுக்குத் துளியும் விருப்பமில்லை. இரண்டு பெட்டைப்பிள்ளைகள். கடைசியில், “உன்னை நம்பித்தான் விடுறன். போன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்து விட வேணும்” என்று சொல்லி அனுப்பினா. அத்தான் மேலே ஃபோன் கொண்டுபோக மாட்டார். ஆகவே ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு என் ஃபோன் அடிக்கும். ‘சாப்பிட்டியோ’, ‘சுகமோ’ ஒன்றும் கிடையாது. அதே கட்டடத்தில் உடன்பிறந்த தம்பி ஒருத்தனும் நிற்கிறான் என்பது கணக்கிலேயே இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: “அவர் இறங்கிட்டாரோ?”

மூடின கிணறு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கை. பழைய வீட்டை இடித்துவிட்டு பிளாட் கட்டினார்கள். பம்ப் லொறியை நிறுத்தினால் முதலில் நாலு இரும்புக் கால்களை நீட்டி நிலத்தில் ஊன்ற வேண்டும். கையை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கக் காலில்தான் பாரம் முழுக்க இறங்கும். அதனால் ஊன்றுமுன் காணிக்காரரிடம் கேட்பேன். அன்றும் கேட்டேன். “கீழே கக்கூஸ் குழி, கிணறு ஏதும் கிடக்கோ, ஐயா?” பென்சன் எடுத்த மனுஷன், நல்ல மரியாதையான ஆள். “ஒண்டுமில்லைத் தம்பி. கல்லு மாதிரி நிலம்” என்றார்.

பாதி ஸ்லாப் போட்டிருப்போம். பின்காலுக்குக் கீழே வைத்த பலகை ஒரு விரற்கடை தாழ்ந்த மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒரு சாண் தாழ்ந்துவிட்டது. மேலே கையின் நுனியில் அத்தான். பம்பை நிறுத்தி, “அத்தான், விட்டிட்டு ஓடுங்கோ” என்று கத்தினேன். மனுஷன் தன் காலடியில் விழுந்த கொங்கிறீட்டை ஆறுதலாக ஒருமுறை தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் நகர்ந்தார். கையை மடித்து லொறிக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தேன். பிறகு பலகையைத் தூக்கித் தோண்டினால் அடியில் கிணறு! உடைந்த கல்லும் குப்பையும் போட்டு நிரப்பி, மேலே அழகாக ஓடு பதித்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். ஐயா குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கிணறு மூடின காணி எண்டு தெரிஞ்சால் ஆர் தம்பி பிளாட் வாங்குவினம்?”

காகம் இருக்கிற வயர்

கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. கடைக்கு மேல் மாடி எடுக்கிறார். ரோட்டுக்குக் குறுக்கே உறை இல்லாத மின்சார வயர்கள். எங்கள் இரும்புக் கை அதில் முட்ட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டப் போனாலே கரண்ட் பாயும். பாய்ந்தால் முதலில் போகிறவர் ஈர ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். லைனை நிறுத்தித் தரும்வரை கையை விரிக்க மாட்டேன் என்று லொறியின் படியில் குந்திவிட்டேன். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வயரை அண்ணாந்து பார்த்து, எனக்குப் பாடம் எடுத்தார்:

“தெனம் இதுல காக்கா ஒக்காருது தம்பி. அதுக்கு ஒண்ணும் ஆகலியே, ஒங்களுக்கு மட்டும் என்ன ஆகப்போவுது?”

பக்கத்து வீட்டு ரியூஷன்

சில ஒழுங்கைக்குள் பம்ப் லொறி போகாது. நிலத்தோடு பைப் பூட்டித்தான் கொங்கிறீட்டை அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் பைப்புக்குள் மிஞ்சிக் கிடப்பதை வெளியேற்ற, ஒரு பக்கத்தில் ஸ்பொஞ்ச் பந்தை வைத்துக் காற்றால் ஊதுவோம். மறுபக்கத்தில் பந்தைப் பிடிக்க இரும்புக் கூடை பூட்டியிருக்க வேண்டும். அன்று கொளுக்கியைச் சரியாகப் போடாதது வேறு யாருமில்லை, நான்தான். கூடை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பந்து மதிலைத் தாண்டி, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள்ளால் போய்விட்டது. அங்கே பௌதிக ரியூஷன் வகுப்பு நடக்கிறது.

மதிலால் ஏறிக் குதித்து ஓடினேன். உள்ளே வாங்கு வாங்காக நெருக்கி இருந்தபடி பிள்ளைகள். ஒரு பிள்ளையிலும் படவில்லை. வெள்ளைப் பலகையின் நடுவில் மட்டும் சீமெந்துச் சேறு வட்டமாக அப்பியிருந்தது. பந்து மேசைக்குக் கீழே கிடந்தது. படிப்பிக்கிற சேரின் ஷேர்ட்டிலும் நாலைந்து புள்ளிகள். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சேர் பந்தை எடுத்து என் கையில் தந்தார்.

“எறியம் பாடம் போன கிழமையே முடிச்சிட்டன், அண்ணை. இனி அனுப்ப வேண்டாம்.”

பத்து நாற்பத்தாறு வரை

எங்கள் சனத்துக்கு ஸ்லாப் போடவும் நல்ல நேரம் வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறவன்தான். பிரச்சினை என்னவென்றால், ஐயர் குறித்துத் தருகிற அந்த நேரம்தான் எங்கள் வேலையில் ஆகப் பொல்லாத நேரம். முதல் கொங்கிறீட் வரும்போது பைப்புக்குள் காற்று அடைபட்டுக் கிடக்கும். அந்தக் காற்று வெடித்து வெளியே வந்தால், தொங்குகிற ஹோஸ் சுழன்று அடிக்கும். பட்டால் மண்டை மிஞ்சாது. ஆகவே முதல் கொங்கிறீட் வந்து ஹோஸ் அடங்கும்வரை ஒருத்தரும் கிட்ட நிற்கக் கூடாது, பிடிக்கிறவர்கூட நிற்கக் கூடாது. ஆனால் பூவும் தட்டுமாகக் குடும்பமே ஹோஸைச் சுற்றி நிற்க ஆசைப்படுவதும் அதே நிமிஷத்தில்தான்.

வெள்ளவத்தையில் ஒரு பாங்க் மனேஜர், ரிட்டயர் ஆனவர். மூன்றாம் மாடி ஸ்லாப், அன்று நானும் ரிமோட்டோடு மேலேதான். நேரம் பத்துப் பதினெட்டிலிருந்து பத்து நாற்பத்தாறு வரை. மிக்சர் லொறி காலி வீதி நெரிசலில் மாட்டுப்பட்டு, வந்து சேர பத்து முப்பத்தெட்டு. மனேஜர் ஃபோனில் மணியைக் காட்டிக்கொண்டு என் தோளோடு தோளாக நிற்கிறார். “நாலு நிமிஷம்தான் கிடக்கு, தம்பி.” நான் எல்லோரையும் ஒதுக்கி, குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தேன். அத்தானும் தள்ளித்தான் நின்றார். “மூண்டு நிமிஷம், தம்பி.” அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் கை போனது பட்டனுக்கு. “சரி, சரி, விடுறன்” என்று கத்திவிட்டு அழுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா, பூவும் சில்லறையும் வைத்த தட்டோடு நாடாவுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டா. நான் காணவில்லை. அத்தான் கண்டார். வாழ்க்கையில் ஒருநாளும் அவசரப்படாத மனுஷன் ஓடினார். ஹோஸ் ஒருமுறை இருமியது. நான் சிவப்புப் பட்டனை அடித்தேன், ஆனால் உள்ளே அடைபட்ட காற்றுக்குப் பட்டன் தெரியாது. அத்தான் அந்த அம்மாவைக் கம்பிப் பின்னலில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்தார். ஹோஸ் அவருடைய ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு போய், தட்டையும் அள்ளிக்கொண்டு சுழன்றது. தட்டு மூன்று மாடி இறங்கி மணல் கும்பியில் விழுந்தது.

சத்தம் அடங்கிய பிறகு அத்தான் முழங்கையை ஊன்றி எழும்பினார். தலையைத் தடவிப் பார்த்தார். இரத்தம் இல்லை. என்னைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முழங்கையில் ஒரு கீறல் மட்டும். சீலையைத் தட்டிச் சரிபண்ணிக்கொண்டு புருஷனிடம் மணி கேட்டா. பத்து நாற்பத்தைந்து என்றார்.

“பாத்தீங்களோ? நல்ல நேரம் எண்டபடியாத்தான் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை.”

கனடா போய் வந்த வீடியோ

நாலு மணிக்கு அக்கா கேட்டா. “இறங்கிட்டார்” என்றேன். பொய் இல்லையே. அத்தானும் வாய் திறக்கவில்லை. அவர் திறந்தாலும் நாலு சொல்லுக்கு மேல் வராது. நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம், கதை அதோடு முடிந்தது என்று. ஆனால் குடும்பத்தில் ஒருத்தர் தூக்கிப் பிடித்த ஃபோனில் மனேஜரின் மகன் கனடாவிலிருந்து எல்லாவற்றையும் வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. பார்த்ததோடு விட்டானா, பதிவும் பண்ணி, ‘அம்மா தப்பிட்டா’ என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அதில் ஒருத்தியின் சிநேகிதி கொட்டாஞ்சேனையில் அக்காவுக்கு முன்வீடு. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் வர ஒரு மணித்தியாலம் எடுக்கும். அந்த வீடியோ கனடா போய்ச் சுற்றிக்கொண்டு அடுத்த நாள் காலமையே வந்துவிட்டது.

அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டா. அழுவா, ஏசுவா என்று நினைத்துப் போனேன். தேத்தண்ணி தந்தா. பிறகு ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவைப் போட்டா. ஓர் இடத்தில் நிறுத்தினா.

“இதில ‘சரி, சரி, விடுறன்’ எண்டு கத்துறது ஆர்?”

“நான்தான்.”

“அப்ப நீ ஹோஸைத்தானே பாத்திருக்க வேணும். எங்க பாத்துக்கொண்டு நிண்டனீ?”

மனேஜரின் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மணியைப் பார்த்தேன். அது வீடியோவிலும் தெரிகிறது. கிணற்றை மறைத்த ஐயாவையும் காகம் காட்டின முதலாளியையும் ஏசின வாயால், “மணியைப் பாத்தனான், அக்கா” என்றேன். அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்தா.

“அவருக்கு ஒண்டும் ஆகேல்லை. அதாலதான் இப்ப உன்னோட இருந்து கதைக்கிறன்.”

பிங்க் கயிற்று விசில்

அத்தானை வேலையால் நிறுத்திவிடுவா என்றுதான் பயந்தேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “போகத்தான் வேணும்” என்றார். அக்கா அவரை வாசலிலேயே நிற்கச் சொன்னா. உள்ளே போய், மூத்தவள் பள்ளிக்கூடத்தில் நெட்போல் விளையாட்டுக்குப் பாவிக்கும் விசிலை எடுத்து வந்து, பிங்க் கயிற்றோடு அவர் கழுத்தில் போட்டா. இனி அத்தான் விசில் ஊதினால்தான் பம்ப் அடிக்கலாம். முதலாளி கத்தினாலும் ஐயர் கத்தினாலும் நான் கத்தினாலும் அவர் ஊதும்வரை பட்டனில் கை வைக்கக் கூடாது. என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினா.

அடுத்த வேலை ஹெவ்லொக் டவுனில். சைட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த பிங்க் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கேயும் நல்ல நேரம், அங்கேயும் வீட்டுக்காரர் மணியைப் பார்த்தபடி. அத்தான் ஸ்லாப்பை ஒருமுறை சுற்றி வந்தார். மூலையில் ஒரு மேசன் குந்தியிருந்து கம்பி முறுக்குகிறார். அத்தான் விசிலை வாயில் வைக்கவில்லை. நேரம் ஓடுகிறது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே பொறுக்கவில்லை. “அத்தான், ஊதுங்கோவன்” என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசன் முறுக்கி முடித்து, கம்பிக் குறட்டை இடுப்பில் செருகி, நாடாவுக்கு வெளியே போனார். அத்தான் தானும் தள்ளிப் போய் நின்று, பிறகுதான் ஊதினார்.

ஹோஸ் அன்றும் ஒரு சுற்றுச் சுழன்றது. அந்த மேசன் குந்தியிருந்த மூலைக்கு மேலாகத்தான் போனது. ஒருத்தரும் அங்கே இல்லை. சிரித்தவர்கள் எல்லோரும் இன்னும் இரண்டடி பின்னுக்குப் போனார்கள். வீட்டுக்காரர் மட்டும், நேரம் மூன்று நிமிஷம் பிந்திப் போச்சே என்று முகத்தைத் தொங்கப் போட்டார். அத்தான் விசிலைத் துடைத்து ஷேர்ட்டுக்குள் போட்டபடி சொன்னார்: “ஐயா, ஐயர் உங்களுக்குத்தான் நேரம் பாத்தவர். எங்களுக்குப் பாக்கேல்லை.” அத்தான் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு கதை வந்ததை அன்றுதான் கேட்டேன்.

நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. கேட்குமுன்பே, “இறங்கிட்டார் அக்கா” என்றேன். வழக்கம்போல் வைத்துவிடுவா என்று ஃபோனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன். வைக்கவில்லை. சட்டியில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா கேட்டா:

“நீயும் இறங்கிட்டியோ?”

கட்டடம் ஏறுவதற்கு ஐயர் நேரம் பார்த்துத் தருவார். ஏறினவர்கள் இறங்குவதற்கு நேரம் பார்க்க எங்கள் வீட்டில் அக்கா இருக்கிறா.