தலையாட்டியதில் தப்பிய காது

என்னைப் போல் எல்லோருக்கும் தலையாட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், அவர்களுடைய பழவேற்காட்டுக் கோட்டையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லா நடைமுறையும் அத்துப்படி, மறுப்பதைத் தவிர. ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் வலை போடலாம் என்ற முறையை எழுதிவைப்பதும் என் பொறுப்பானது.

தெற்குக் குப்பத்தின் முறைக்கு முந்தின நாள் வடக்குக் குப்பத்துக்காரர் ஒருவர் வந்தார்.

"பொண்ணுக்குக் கண்ணாலம் நைனா. நாளைக்கு எங்களுக்கு வுடு."

தெற்கைக் கேட்காமலே தலையாட்டினேன்.

விடிந்ததும் இரண்டு குப்பத்துப் படகுகளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. துடுப்புகள் உயர்ந்தன. முழங்கால் தண்ணீரில் ஓடி, "தப்பு என்னுது! முறை தெற்குக்குத்தான்!" என்று கத்தினேன். ஒரு துடுப்பு என் காதோரம் இறங்கியது; தலையை ஆட்டி விலகியதில் காது தப்பியது.

"முடியாதுன்னு நேத்தே சொல்றதுக்கு இன்னாயா நோவு?" என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

இப்போதெல்லாம் முடியாது என்பதைக் கேட்ட அன்றே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போகிறார்கள்; மறுநாள் வணக்கம் வைக்கிறார்கள்.