குப்பம்மா என்ற பேர்

சுருளிப்பட்டியில் அப்போது மலைக்காய்ச்சல் நுழையாத வீடு கிடையாது. என் முதல் இரண்டு பிள்ளையும் அதில்தான் போனது. மூன்றாவது பெண் பிறந்ததும் மாமியார் அவளைக் குப்பைமேட்டில் கிடத்தினார். பக்கத்து வீட்டுக்காரி எடுத்து, ஒரு படி தவிட்டுக்கு எனக்கே விற்றாள். குப்பையில் கிடந்ததை எமன் தொடமாட்டான் என்று நம்பிக்கை. குப்பம்மா என்று பேர் வைத்தோம். பிள்ளை தங்காத வீட்டிலெல்லாம் அந்தப் பேர்தான். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலைந்து பிள்ளைகள் திரும்பும்.

வீட்டுக்காரர் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போயிருந்தார். அவர் திரும்பி வந்த அன்று பிள்ளை நடந்து வாசலுக்கு வந்தது.

"அடி என் ராசாத்தி!" என்று தூக்கிவிட்டார்.

மாமியார் பதறிப்போனார். "ஏலே, வாயைக் கழுவுடா! குப்பைன்னு சொல்லு!"

"சரி ஆத்தா, குப்பை, குப்பை" என்றார், சிரித்துக்கொண்டே.

ஐப்பசியில் காய்ச்சல் வந்து எங்கள் பிள்ளை போனது. தெருவில் இன்னும் இரண்டு குப்பம்மாக்களும் போனார்கள்.

"அதுகளை யாரு ராசாத்தின்னு கூப்பிட்டாக?" என்று அவரிடம் எத்தனையோ தரம் கேட்டேன். அவர் தன் வாயிலேயே அடித்துக்கொள்வார்.

அடுத்துப் பிறந்தவளுக்கும் குப்பம்மா என்றே வைத்தோம். வேறு என்ன வைக்க? அவளை அவர் தூக்கவே இல்லை.