கழுவாத பிளாங்கட்

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியை எந்த வீட்டில் உடைப்பது என்பதில் எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகும்வரை தாயின் வீட்டில், ஆன பிறகு மனைவியின் வீட்டில். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். அவனோடு பெட்டியும் போய்விடும். அதற்குப் பிறகு தாய்க்கு வருவது ஒரு பை. பையில் இருப்பது குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பெட்டி உடையும்போது பக்கத்தில் நிற்பது வேறு, பை வந்து சேர்வது வேறு. உம்மா இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி கட்டாரிலிருந்து வரும் ஒவ்வொரு தடவையும் கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனைக்குப் போய், மருமகள் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, அவன் கத்தியால் டேப்பை வெட்டுவதைப் பார்த்துவிட்டுப் பையோடு திரும்புவார்.

பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று இந்தக் கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்மா டின், கரைத்தால் தோடம்பழ நிறம் வரும் தூள், தலையிடிக்குப் பூசும் தைலம், வாசனைச் சவர்க்காரம், சொக்லேட். கூடவே புலிப் படம் போட்ட தடித்த பிளாங்கட் ஒன்று கட்டாயம். எங்கள் ஊர் வெக்கைக்கு மெல்லிய சீலையைப் போர்த்தினாலே உடம்பு அவியும். ஆனாலும் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் மேல்தட்டில் ஒரு புலி படுத்திருக்கும்.

“இதெல்லாம் இப்ப நம்மட கடையிலயே கிடைக்குதானே” என்பார் உம்மா வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த என் கணவர். அவர் கடை வைத்திருப்பவர், வேறு எப்படிச் சொல்வார்? கிடைக்கத்தான் செய்கிறது. அதே டின், அதே எழுத்து. வாயில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். டொலர் இல்லையென்று இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் அந்த வித்தியாசமான சாமானும் இல்லாமல் போனது. அப்போது தம்பியின் பெட்டிக்காக அக்கம்பக்கம் எல்லாம் காத்திருந்தது.

எந்தக் காலத்திலும் இங்கே கிடைக்காத ஒன்று அவனுடைய சென்ட். அங்கே ஏதோ ஒரு சின்னக் கடையில் மட்டும்தான் வாங்குவான். போத்தலில் பெயர்கூட இருக்காது. அகில்கட்டையும் எலுமிச்சையும் புதுத்துணியும் கலந்தது போல ஒரு மணம். அவன் வந்த வேன் கேட்டுக்குள் திரும்பும் முன்னமே அது விறாந்தைக்கு வந்துவிடும். கல்முனைக் கடைகளில் நான் எத்தனையோ போத்தல்களை மணந்து பார்த்திருக்கிறேன். எதுவும் பக்கத்தில்கூட வரவில்லை.

போன வருடம் அவன் மௌத்தானான். காலையில் வேலைக்கு எழுப்பப் போனவர்கள், எழும்பவில்லை என்றார்கள். நெஞ்சு நின்றுவிட்டதாம். முப்பத்தைந்து வயதுகூட இல்லை, பிள்ளையும் இல்லை. அங்கேயே அடக்கினார்கள். எங்களுக்கு வந்தது போனில் ஒரு மண்மேட்டின் படம். முகத்தைக் காணாததால் எனக்கு அது நடந்தது போலவே இல்லை. ஊரே வந்து அழுதுவிட்டுப் போன பிறகும் அவன் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

அங்கே அவன் தன் கட்டிலுக்குக் கீழே அடுத்த பயணத்துக்கென்று ஒரு பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருந்தான். அறையில் கூட இருந்தவர்கள் அவனுடைய உடுப்பையும் அதில் வைத்து மூடிக் கப்பலில் அனுப்பினார்கள். ஆள் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவனுடைய எழுத்தில் அவனுடைய பெயரைச் சுமந்துகொண்டு, அட்டாளைச்சேனையில் லொறியில் வந்து இறங்கியது. அன்று உம்மாவும் நானும் அவனுடைய மனைவியைப் பார்க்கப் போயிருந்தோம். அவள் இத்தாவில் இருந்தாள். இத்தா என்றால் புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேலாக வீட்டோடு இருக்கும் காலம். நகை இல்லை, நிறத்துணி இல்லை, வாசனை பூசுவதும் இல்லை.

பெட்டியை விறாந்தையில் வைத்ததுதான் தாமதம், அவன் வந்துவிட்டான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வழியில் சென்ட் போத்தல் உடைந்திருக்கிறது. அட்டையெல்லாம் ஊறி, வீடு முழுக்க அந்த மணம். உம்மா எழுந்து கேட்டைப் பார்த்தார். உள்ளே அறைக் கதவு திறந்து, வெள்ளைச் சாரியோடு அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

அவளுடைய தாய் ஓடிவந்து அவளை மறித்துக்கொண்டார்.

“உள்ள போ புள்ள. இத்தாவில இரிக்கிறவளுக்கு இந்த மணம் ஆகாது. இந்தப் பெட்டிய வெளியால கொண்டு போங்க.”

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. “பூசக் கூடாது எண்டுதானே இரிக்கி மாமி? வீட்டுக்குள்ள வரக் கூடாது எண்டு எங்க இரிக்கி?”

“மணத்துக்குப் பூட்டுப் போடேலுமா? அது அவள்ள உடம்புல ஒட்டாதா?”

பிறகு ஒரு மௌலவியிடம் கேட்டபோது, நான் சொன்னதுதான் சரி என்றார். ஆனால் அன்று அந்த வீட்டில் பயம்தான் சட்டம். பெட்டியை என்ன செய்வதென்று எல்லாரும் திகைத்து நின்றபோது உம்மா சொன்னார்: “நான் கொண்டு போறன்.” கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டாள். “மதினி, போத்தல் உடையாம இரிக்க பிளாங்கட்டுக்குள்ள சுத்தி வச்சிரிக்கன் எண்டு போன்ல சொன்னாரு. அந்தப் பிளாங்கட்ட மட்டும் கழுவிராதீங்க. இத்தா முடிய வந்து எடுக்கன். எனக்கு அவர்ர மணத்துக்கு வேற ஒண்டும் இல்ல.”

அப்படித்தான் கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவனுடைய பெட்டி உம்மாவின் வீட்டில் உடைந்தது.

சொக்லேட்டில் சென்ட். பால்மாவில் சென்ட். டின் மூடியிருந்தும் எப்படிப் போனதோ, அதில் தேத்தண்ணி போட்டால் அவனைக் குடிப்பது போல இருந்தது. ஒரு மிடறுக்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொக்லேட்டை வாயில் போட்டுவிட்டுத் துப்பின. உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிவிட்டு, பிளாங்கட்டையும் அதன் கீழிருந்த உடுப்பையும் மட்டும் இருந்தபடியே பெட்டிக்குள் விட்டு, பொலித்தீனால் சுற்றி, உம்மாவின் அறையில் வைத்தேன்.

சுற்றி வைத்து என்ன பயன்? பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் அவன் அங்கே இருந்தான். கடற்காற்று அடங்கி வெக்கை ஏறும், பின்னேரத்து அஸர் தொழுகை நேரத்தில் இன்னும் கூடும். குசினியில் நின்றால் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். ஒரு நாள் என்னையறியாமல், “எப்ப வந்த நீ?” என்று கேட்டுக்கொண்டே திரும்பிவிட்டேன். கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அங்கேயே இருந்து அழுதேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு அவள் போன் எடுப்பாள். சுகம் கேட்டதும் அடுத்த கேள்வி அதுதான்.

“மணம் இன்னும் இரிக்கா மதினி?”

“ஓம், இரிக்கி.”

இருந்தது, ஆனால் குறைந்துகொண்டு வந்தது. ஏனென்றால் உம்மா தினமும் பொலித்தீனை அவிழ்த்தார். லுஹர் தொழுதுவிட்டு அறைக் கதவைச் சாத்துவார். பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருப்பார். வெளியே வந்து, “இண்டைக்கி அவன் குறைவா இரிக்கான்” என்பார்.

“அப்பிடிக் கதைக்காதீங்க உம்மா. துறந்து துறந்து பாத்தா மணம் போயிரும். அந்தப் புள்ள எவ்வளவு ஆசையா காத்திட்டு இரிக்கா.”

“அவ காத்திட்டு இரிக்கட்டும். எனக்கும் அவன் புள்ளதானே.”

நான் டேப் ஒட்டுவேன், அவர் உரிப்பார். ஒருநாள் கடுப்பில் பெட்டியை என் அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். அன்று உம்மா சோறு தின்னவில்லை. பெட்டி பழைய இடத்துக்கே வந்தது. இருவரில் யாருக்கு அதிக உரிமை என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் அவள் ஓட்டோவில் வந்தாள். மெலிந்து, கண் குழிவிழுந்து இருந்தாள். சலாம் சொல்லி, உம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். நேரே பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பொலித்தீனை அவளே அவிழ்த்தாள். உம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். மணம் இருந்தது. மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல் அவன்தான். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அவள் பிளாங்கட்டில் முகத்தைப் புதைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். மடிப்பை விரித்து வேறொரு இடத்தில் முகர்ந்தாள். இன்னொரு இடத்தில். அவள் முகம் மாறுவதைக் கண்டேன்.

“இது அவரில்ல மதினி.”

“அவன்ட சென்ட்தானே புள்ள?”

“சென்ட் அவர்ரதான். வாற அண்டைக்கு மட்டும்தான் அடிப்பாரு. அடுத்த நாள் குளிச்சா அது போயிரும். பிறகு அவருக்கு வேற மணம்.”

பிளாங்கட்டைத் தள்ளிவிட்டுக் கீழே இருந்த அவனுடைய சேட்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கொலரையும் கக்கத்தையும் முகர்ந்து முகர்ந்து மடியில் போட்டாள். கூட இருந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். இறந்தவனின் உடுப்பை அழுக்கோடு அனுப்பக்கூடாதென்று எல்லாவற்றையும் கழுவி, அயன் போட்டு, அளவாக மடித்து வைத்திருந்தார்கள். சவர்க்காரத் தூளும் சென்டும் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை.

“எல்லாத்தையும் கழுவிப் போட்டாங்க” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உம்மா கட்டிலிலிருந்து இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். இருபது வயதில் வெளிநாடு போனவன். கல்யாணத்துக்குப் பிறகு, வந்தாலும் ஒரு பகல் விருந்தாளியாக வந்து போனவன். உம்மாவுக்கு மிஞ்சியிருந்ததெல்லாம் வரும் நாளின் மணம் மட்டும்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அவ்வளவுதான்.

உம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பிச்சை கேட்பவரைப் போலக் கேட்டார்.

“அவன்ட மணம் எப்பிடி இரிக்கும் புள்ள? எனக்குச் சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போனாள். கண்ணை மூடி யோசித்தாள், இன்னும் யோசித்தாள். மடியிலிருந்த சேட்டை அவளுடைய விரல்கள் கசக்கிக்கொண்டிருந்தன.

“இது இல்ல எண்டு மட்டும்தான் மாமி தெரியிது” என்றாள். “எது எண்டு எனக்கும் மறந்து போச்சி.”