நெஞ்சில் இருப்பதைச் சொல்லக் கூடாதாம்

இருமல் நிற்கவில்லை என்றுதான் தருமபுரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் இருமலை விட்டுவிட்டு, சேலத்துக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அங்கிருந்த இதய டாக்டர் என் படத்தை என் கணவர் பக்கம் திருப்பி வைத்து, அவரிடமே பேசினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் உப்பியிருக்கிறதாம். மேலும் உப்பினால் ஆபரேஷன். அதுவரை மாத்திரை, அவ்வப்போது ஸ்கேன்.

"வெயிட்டு தூக்க விடாதீங்க, டென்ஷன் ஆக விடாதீங்க" என்றார் அவரிடம்.

"நெஞ்சு என்னுதுங்க. என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

என் அம்மா. கம்பைநல்லூர் பக்கம் எங்கள் மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். முதுகைக் கிழிக்கிறது என்று கத்தினாள். வாயு என்றார்கள். ஓமத்தைக் கசக்கி வாயில் போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் அது வாயுதான்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இது குடும்பத்துல வரலாம். உங்க பிள்ளைங்களுக்கு ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுங்க" என்றார் டாக்டர்.

எங்களுக்கு ஒரே மகள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ்ஸில் திரும்பும்போதே கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம். அவகிட்ட எதுவும் சொல்லிக்கிட்டு இருக்காத."

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆனா?"

"வாய மூடு."

எங்கள் தெருவிலேயே இருக்கும் அவருடைய அக்கா இன்னும் தெளிவாகச் சொன்னார். "உன் நோவு உன்னோட இருக்கட்டும். டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனா ஊரெல்லாம் தெரிஞ்சிடும். அப்பறம் எவன் வருவான் பொண்ணு கேட்டு?" என் மகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். பாசத்தில்தான் சொன்னார் என்பது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மாத்திரைகளை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். யாராவது கேட்டால் சர்க்கரை மாத்திரை என்று சொல்ல வேண்டுமாம். சர்க்கரை கௌரவமான வியாதி, எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எனக்கு வந்தது மட்டும் குடும்ப மானத்தைக் கெடுக்கிற வியாதி. கோபப்படக் கூடாதென்று டாக்டர் சொன்னாரே என்று தினமும் ஞாபகப்படுத்தியவர்களும் இவர்கள்தான்.

ஏரியூர் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று குடிதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. புதுக் கேன் வாசலில் இருந்தது. கணவரைக் கண்ணால் கூப்பிட்டேன். நாத்தனார் என்னை ஓரமாக இழுத்தார்.

"நீயே தூக்கி உள்ள வையி. எப்பவும் நீதான தூக்குவ? அவங்க பாக்கறாங்க."

கேனின் கழுத்தில் கை வைத்தேன். வரப்பில் உட்கார்ந்த அம்மா கண் முன்னால் வந்தாள். கையை எடுத்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நெஞ்சுல பெரிய ரத்தக்கொழா உப்பியிருக்குதுங்க. எங்கம்மாவும் அதுலதான் செத்திருக்கணும்னு தோணுது. எம் பொண்ணுக்கும் பாக்கச் சொல்லியிருக்காங்க, இன்னும் பாக்கல. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

கார் கிளம்பியதும் கணவர் கத்தினார், நாத்தனார் அழுதார். இரண்டையும் எதிர்பார்த்தேன். மகள் என் எதிரில் வந்து நின்றதைத்தான் எதிர்பார்க்கவில்லை. பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

"எனக்கு டெஸ்ட்டு எடுக்கணும்னு எப்பம்மா சொன்னாங்க?"

"சேலத்துல ஸ்கேன் எடுத்த அன்னிக்கே."

"எல்லாரும் பேசியிருக்கீங்க. என்கிட்ட மட்டும் சொல்லல. இப்ப யாரோ ஊர்க்காரங்க முன்னாடி சொல்ற. அவங்களுக்கு முன்னால நான் தெரிஞ்சிக்க வேணாமா?"

அவள் கோபம் நியாயம். அதனால் என் கோபம் குறைந்துவிடவுமில்லை.

எடுப்பதா வேண்டாமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பள்ளியில் லீவு சொல்லிவிட்டு சேலத்துக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "வா, ஆனா பேசாத" என்றாள். எக்கோ அறைக்குள் தனியாகப் போனாள். டாக்டரிடமும் தனியாகவே பேசினாள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போதைக்கு நார்மல். சில வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணுமாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முகம் மலர்ந்தது. "நார்மல்னா இனி வர்றவங்ககிட்ட ஒன்னும் சொல்ல வேணாம்ல?"

"நானே சொல்லுவேன்ப்பா" என்றாள் மகள். "அம்மாவுக்கு இருக்குன்னும் சொல்லுவேன்."

நாத்தனார் இப்போதும் என்னோடு பேசுவதில்லை. போன முறை ஸ்கேனில் குழாயின் உப்பல் கூடவில்லை என்றார்கள். ஆனால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. "எதுக்கும்மா இவ்ளோ கோவம், அமைதியா இருங்க" என்றார் நர்ஸ். அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? மாத்திரை அளவைக் கூட்டி எழுதித் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது மாத்திரைகளை டிவி மேடையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.