ஜெலுத்தோங்கில் நாளை காற்று இல்லை

பத்திரிகைத் தொழிலுக்கு வந்தால் உலகத்தையே கேள்வி கேட்கலாம் என்பார்கள். பயிற்சி நிருபராக வந்து பாருங்கள், உலகமே உங்களைத்தான் கேள்வி கேட்கும்.

எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு விளக்கக் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். "ஊடகத் துறையில் வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன" என்றார் பேச வந்தவர். அதை நம்பி, பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் இருந்த தமிழ் நாளிதழ் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே கொட்டிக் கிடந்தவை பழைய பேப்பர் கட்டுகள்தான். ஆள் என்று பார்த்தால் பொறுப்பாளர் சகுந்தலா அக்கா ஒருவர், அப்புறம் நான். பினாங்குச் செய்திகளுக்கென்று உள்ளே ஒரு பக்கம். அதை நிரப்புவதுதான் எங்கள் வேலை.

பயிற்சி முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் நான் நிருபர். இல்லாவிட்டால் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி. அந்த ஃபேக்டரிக்கு பஸ் ஓட்டுகிற என் அப்பா, சூப்பர்வைசரிடம் சொல்லி எனக்கு ஓர் இடத்தைப் பிடித்தே வைத்துவிட்டார். சாயங்காலம் சுங்கை பினாங் வீட்டுக்குள் காலை வைத்ததும், "என்னம்மா, நெரந்தரம் ஆகுமா, இல்ல சூப்பர்வைசர்கிட்ட சொல்லிரவா?" என்பார். எனக்கோ ஃபேக்டரி என்றாலே ஆகாது. இதே கேள்வியை வீட்டில் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் நீங்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடம்

முதல் நாள் கம்பீரமாகப் போய் நின்றேன். ஊழல், புலனாய்வு, ரகசியக் கேமரா என்று மூன்று வருடம் படித்த படிப்பு மண்டைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. சகுந்தலா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பசியாறிட்டியா?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, "டத்தோவுக்கும் டத்தோஸ்ரீக்கும் வித்தியாசம் தெரியுமா?"

தெரியாது என்றேன். குற்றச் செய்திகள் எழுதத்தான் ஆசை என்று மெல்ல இழுத்தேன். அக்கா சிரிக்கவே இல்லை. "இங்க பாரு தங்கச்சி, கொலைகாரன் பேர தப்பா போட்டா அவன் உள்ள இருப்பான், பேசாம இருப்பான். டத்தோ பட்டத்த விட்டுட்டோம்னு வையி, அவரு வெளிய இருப்பாரு, நேரா இங்கதான் வருவாரு!"

இடமிருந்து வலம்

அரசு தருகிற அந்தப் பட்டங்களை மனப்பாடம் பண்ணிவிட்டேன். ஆனால் திசையில் கோட்டை விட்டேன். ஒரு சங்கத்தின் பரிசளிப்பு விழாவுக்குப் போய், மேடையில் நின்றவர்களைப் படம் எடுத்து, பெயர்களைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு கோடியில் நின்றவர் தமக்கு இடப்பக்கம் இருந்து ஒவ்வொருவராகச் சொன்னார். நானும் அப்படியே "இடமிருந்து வலம்" என்று போட்டுவிட்டேன். அவருடைய இடம் படத்தில் வலம் ஆகிவிடும் என்று எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சங்கத்தின் செயலாளராம். பேப்பரை விரித்து, அவர் மனைவியின் முகத்தில் விரலை வைத்தார். பெயர்கள் தலைகீழானதில் அந்த அம்மாள் இன்னொருவருடைய துணைவியார் ஆகியிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், திருத்தம் போடுகிறேன் என்றேன், தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னார்: "தப்பு எல்லாருந்தான் செய்வாங்க, அது பரவால்ல லா. ஆனா அவ அந்தப் படத்த வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா!"

தண்ணீர்மலையில் ஒரு பேட்டி

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோவிலுக்கு என்னைத் தனியாக அனுப்பினார் அக்கா. பெரிய பொறுப்பு. இதில் ஜெயித்தால் நிரந்தரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு, தண்ணீர்ப் பந்தல்களின் மேளச் சத்தத்தில் காது அடைத்து, மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். "சம்பந்தப்பட்டவரின் வாய்மொழி இல்லாத செய்தி செய்தியே இல்லை" என்று கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. உடனே ஒரு காவடிக்காரரை வழிமறித்தேன். "அண்ணே, இந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுது?" என்று ஹேண்ட்போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

நீட்டிய பிறகுதான் பார்த்தேன், ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவந்த நீள வேல் ஒன்று அந்த வாயைப் பூட்டியிருந்தது. அவர் கண்ணை உருட்டினார். பின்னாலேயே பால்குடத்தோடு வந்த அவர் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தார். "வருசத்துல இந்த ஒரு நாளுதான் தங்கச்சி இவரு வாயத் தொறக்காம இருக்காரு. அதையும் கெடுத்துறாத!"

காற்று

இனி வருவதைப் படிக்கும்போது சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜெலுத்தோங்கில் குழாய் பழுதுபார்ப்பதால் தண்ணீர் தடைபடும் என்று ஓர் அறிவிப்பு வாட்சப்பில் வந்தது. பாதி மலாய், பாதி ஆங்கிலம். அக்கா ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பக்கம் முடிக்கிற நேரம். எனக்கு மலாய் தெரியாதா என்ன, நன்றாகவே தெரியும். ஆனாலும் அவசரத்துக்கு ஹேண்ட்போனிலேயே மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டேன். மலாயில் 'ஆயேர்' (air) என்றால் தண்ணீர். அதே எழுத்துகளை ஆங்கிலமாகப் படித்தால் 'ஏர்', அதாவது காற்று. போன் ஆங்கிலமாகப் படித்தது. நான் எதையும் படிக்கவே இல்லை, அப்படியே பக்கத்தில் ஏற்றிவிட்டேன்.

"ஜெலுத்தோங்கில் நாளை காற்று விநியோகம் தடை: பொதுமக்கள் முன்கூட்டியே சேமித்துக்கொள்ள அறிவுறுத்தல்" என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அலாமாக்! காலையில் அலுவலகக் கதவைத் திறப்பதற்குள் போன் அலற ஆரம்பித்தது. முதலில் பேசியவர் சந்தையில் காய்கறி விற்கிற ஓர் அம்மாள். கோபமே இல்லை, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "தங்கச்சி, தண்ணின்னா வாளியில புடிச்சு வப்போம். காத்த எதுல புடிச்சு வைக்கிறது?"

கோலாலம்பூரிலிருந்து போன்

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு வேலை கேட்டு அக்கா முன்பே கோலாலம்பூர் தலைமையகத்துக்குச் சொல்லியிருந்தார். "பினாங்குப் பக்கத்தை யார் படிக்கிறாங்க? அதுக்கு இன்னொரு ஆளா?" என்று பத்திரிகை ஆசிரியர் கையை விரித்திருந்தார். இப்போது அவரே லைனில் வந்து குதித்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். ஃபேக்டரிச் சீருடை என்ன நிறம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் ஒரு வாக்கியம் திட்டுவதற்குள் மேசையில் இருந்த இன்னொரு போன் அடிக்கும். "சார், ஒரு வாசகர் கூப்பிடுறாரு, கொஞ்சம் இருங்க" என்று அக்கா அதை எடுப்பார். மறுபடி திட்டு, மறுபடி மணி. கடைசியில் ஆசிரியரின் குரல் இறங்கிவிட்டது. "என்ன சகுந்தலா, அந்தப் பக்கத்த இத்தன பேரா படிக்கிறாங்க?" அக்கா அசரவில்லை. "ஆமா சார். இத்தன பேரையும் சமாளிக்கத்தான் ஒரு ஆள் கேட்டேன்."

ஒரு வாசகர்

மத்தியானமே சேதி வந்துவிட்டது: நான் நிரந்தரம். அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "திருத்தத்த முதல்ல எழுது" என்று என்னைத் தள்ளிவிட்டவர், போகிற போக்கில் ஒன்று சொன்னார். அன்று கூப்பிட்ட எல்லாரும் செய்தி தப்பு என்று சண்டை போட்டார்களாம். ஒரே ஒருவர் மட்டும், அதுவும் அக்காவின் ஹேண்ட்போனுக்கே கூப்பிட்டு, சரி என்று சண்டை போட்டாராம். "நான் ஜெலுத்தோங்குலதான் நிக்கிறேன். இன்னிக்கே ஒரு இலை அசையல. நாளைக்கு காத்து வராதுன்னு போட்டதுல என்னங்க தப்பு? புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாராம். பெயர் கேட்டதற்கு, "ஒரு வாசகர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். அவசரத்துக்கு என்று நான் கொடுத்திருந்த அப்பாவின் நம்பர் அக்காவின் போனில் பெயரோடு பதிவாகியிருந்தது அந்த வாசகருக்குத் தெரியாது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய் வேலை கிடைத்துவிட்டது என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சரி, சூப்பர்வைசர்கிட்ட வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார். "அக்காவுக்கு யாருப்பா போன் போட்டது?" என்று கேட்டேன். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். "எனக்கென்னம்மா தெரியும்? நான் பஸ்ஸுல இருந்தேன். யாராச்சும் வாசகரா இருக்கும் லா."

ஆகவே நண்பர்களே, நாம் எழுதியது பொய்யாகவே போனாலும் மெய்யென்று சாதிக்க வீட்டில் ஒரு வாசகர் இருந்தால், இந்தத் தொழிலில் தாராளமாகச் சேரலாம்.